தவணைப் பணமும் கடைப் பாக்கியும்

டெல்டா மாவட்டங்களில் மளிகை வியாபாரம் நெல்லை நம்பி நடக்கிற வியாபாரம். வயல் விளைந்தால்தான் கல்லா நிறையும். ஆகவே விவசாயிக்கு அரசு தரும் பணம் எப்போது வருகிறது, யாருக்கு வருகிறது என்பதை வணிகர்களாகிய நாமும் அறிந்திருப்பது அவசியம்.

பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு ரூ.6,000. ஏப்ரல்–ஜூலை, ஆகஸ்ட்–நவம்பர், டிசம்பர்–மார்ச் என்று மூன்று தவணைகளில் ரூ.2,000 வீதம் வங்கிக் கணக்கில் நேரே வரவாகிறது. தவணை வந்த வாரம் எண்ணெய், பருப்பு, சர்க்கரை கேட்டுக் கிராமக் கடைக்காரர்கள் எங்கள் மண்டிக்குச் சற்றுக் கூடுதலாகவே வருகிறார்கள். பழைய பாக்கியும் கொஞ்சம் வசூலாகிறது.

ஆனால் இந்தப் பணத்தை நம்பிக் கடனை ஏற்றிவிடக் கூடாது. ஆண்டுக்கு ரூ.6,000 என்றால் மாதம் ரூ.500, நாளொன்றுக்கு ரூ.16 சொச்சம். ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவில் இது எந்த மூலைக்கு?

இன்னொன்று, இது நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு வரும் பணம். டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுகிறவர்கள் ஏராளம். சேற்றில் இறங்குகிறவர் அவர். பட்டா அவர் பெயரில் இல்லாததால் தவணை இல்லை. நம் கடையில் அதிகம் பற்று வைப்பவரும் பெரும்பாலும் அவரே. "விவசாயிதானே, பணம் வந்திருக்குமே" என்று அவரிடம் கறாராகப் பேசுவது நியாயமாகாது.

பெரிய வரவு நெல்லில்தான். 2025–26 கொள்முதல் பருவத்திற்கு மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் ரூ.2,500, சன்ன ரகம் ரூ.2,545 என்று அறிவிக்கப்பட்டது. 20 குவிண்டால் சாதாரண நெல் போட்டால் ரூ.50,000. ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் சிக்கல். அறுவடையில் மழை பிடித்தால் நெல் களத்தில் கிடக்கும். நம் பாக்கியும் அதோடு கிடக்கும். தவணைத் தேதியைவிட வானத்தைப் பார்த்துச் சரக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

2020இல் நம் மாநிலத்தில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி முதலிய மாவட்டங்களில் தகுதியில்லாத ஏராளமானோர் பெயரில் இப்பணம் பெறப்பட்டது வெளிவந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது, பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது. ஆசை காட்டிய இடைத்தரகர்களை நம்பியவர்களில் விவரமறியாத ஏழைகளும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் நம் கடை வாசலில் நின்று விண்ணப்பம் சேர்க்க இடம் கொடுக்கக் கூடாது.

நாம் செய்யக்கூடிய நல்ல காரியங்களும் உண்டு. தவணை நின்றுபோனதாக வாடிக்கையாளர் சொன்னால், ஆதார் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறதா, இ-கே.ஒய்.சி. முடிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். தகப்பனார் காலமாகி நிலம் வாரிசுக்கு வந்திருந்தால், பட்டாவை மாற்றிக்கொண்டு வேளாண்மை அலுவலகத்தில் கேட்கச் சொல்லலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாக்கிக்கு ஈடாக யாருடைய பாஸ் புத்தகத்தையோ ஏ.டி.எம். அட்டையையோ வாங்கி வைக்க வேண்டாம். அது அவர் வீட்டுப் பணம். அவர் கையால் எடுத்து, அவர் மனதோடு நம் கடையில் கொடுக்கிற பணமே நமக்கு வரவு. வசூல் நாலு நாள் தள்ளிப் போகலாம், வாடிக்கை போகாது.