அப்பாயிக்கு என்ன பதில்?

சிங்கப்பூரில் ஒரு வீடு. அடுக்குமாடிக் கட்டடம், ஒன்பதாவது மாடி. வீட்டுக்காரர் நம் நண்பர், ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரர். கப்பல் பட்டறைக்கு வெல்டராகப் போனவர். இருபதாண்டுக் காலம் நெருப்புப் பொறிக்கு முன் நின்று உழைத்து, நிரந்தரவாசம் பெற்று, குடும்பத்தை அழைத்துக்கொண்டவர். அங்கேயே பிறந்த மகன் ஒருவன். நாம் முதன்முதல் சென்றபோது அவனுக்கு வயது ஏழு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரிலிருந்து நண்பரின் தாயார் கைப்பேசியில் அழைத்தார். முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. பேரனைக் கண்டதும் அந்த மூதாட்டியின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி!

"என்னய்யா ராசா, சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட?"

பையன் கேட்டான். அவனுக்குப் புரியவும் செய்தது. பதில் வந்தது, ஆனால் ஆங்கிலத்தில் வந்தது!

"என்னப்பா சொல்றான் எம் பேரன்?" என்று மகனைக் கேட்டார் தாயார். மகன் எடுத்துச் சொன்னார். என்ன கொடுமை, தோழர்களே! பெற்ற பிள்ளையே தன் தாய்க்கும் தன் மகனுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாக நிற்கும் காட்சியைக் கண்டோம்.

அழைப்பு முடிந்தது. நண்பர் தலை நிமிரவில்லை. "பையன் முன்னுக்கு வரணும்னுதான் வீட்லயும் இங்கிலீசுலயே பேசினோம் அண்ணே. இன்னைக்கு நான் நடுவுல நின்னு சொல்றேன். நான் வேலைக்குப் போயிருக்கிற நேரத்துல அம்மா கூப்பிட்டா?" என்றார். நம்மிடம் பதில் இல்லை.

சிங்கப்பூர் தமிழை விரட்டிய நாடு என்று எவரேனும் நினைப்பாராயின், அது தவறு. அங்கே தமிழ், ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று. அந்நாட்டு நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் தமிழ் எழுத்து இருக்கும். பள்ளியில் தமிழ்ப் பாடம் உண்டு. 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வெளிவருகிறது. அதைத் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி திருவாரூர் மண்ணில் பிறந்தவர். ஊர் கூடித் தமிழர் திருநாள் கொண்டாட வழி செய்தவர். அவர் மணந்த துணைவியோ சீன வழி வந்த பெண்மணி! தம் மொழியை நேசிப்பவனுக்கு அயலான் பகைவன் அல்லன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இத்தனை இருந்தும் நடந்தது என்ன? 1946இல் தோன்றிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. 1982இல் மூடப்பட்டது. பகைவர் வந்து பூட்டவில்லை. பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினர்; தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தனர். வேலையும் சோறும் எந்த மொழியில் கிடைக்கின்றனவோ அந்த மொழியின் பக்கம் ஏழை போகிறான். அவனைப் பழிக்க நமக்கு வாய் இல்லை. ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் 2010 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 3.3, 2020இல் 2.5. ஆங்கிலமோ 32.3இலிருந்து 48.3க்கு ஏறியது. நாணயத்தில் தமிழ் இருக்கிறது, அடுப்படியில் குறைகிறது!

இவ்வாண்டு மீண்டும் அந்த வீட்டுக்குச் சென்றோம். பையனுக்கு இப்போது வயது பத்து. கதவைத் திறந்தவன், "வாங்க பெரியப்பா, செருப்பை இங்க விடுங்க. செருப்பை விட்டா இங்கிலீசையும் விட்டுரணும், அதான் எங்க வீட்டுச் சட்டம்" என்றான். நாம் மலைத்துப் போனோம்!

மந்திரமா செய்தார்கள்? இல்லை. முதலில் பெற்றோர் இருவரும் தங்கள் நாக்கைத் திருத்திக்கொண்டார்கள். பையன் ஆங்கிலத்தில் சொன்னால் அடிக்கவில்லை, அதட்டவில்லை. சொன்னதையே தமிழில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். தேக்கா சந்தைக்குக் கூட்டிப் போய் முருங்கைக்காயையும் சுரைக்காயையும் அவன் வாயாலேயே விலை கேட்க வைத்தார்கள். இரண்டு மொழியும் கலந்து வந்தபோது, ஐயோ குழம்பிவிட்டான் என்று கலங்கவில்லை. இரு மொழி கேட்டு வளரும் பிள்ளை கலந்து பேசுவது இயல்பு. போகப் போகத் தானே பிரித்தறிந்து கொள்ளும்.

பெரிய வேலையைச் செய்தவர் பள்ளிக்கூடம் போகாத அப்பாயிதான்! நாள்தோறும் இரவு பத்து நிமிடம் அவருடைய நேரம். ஆடு குட்டி போட்ட கதை, வாய்க்காலில் தண்ணீர் வந்த கதை, இவனுடைய அப்பன் மாங்காய் திருடி மாட்டிக்கொண்ட கதை. இந்தக் கதைக்காகவே பையன் தமிழ் கேட்டான். மேலும் கேட்பதற்காகவே தமிழ் பேசினான்.

அவன் ஆங்கிலத்தை இழந்துவிட்டானா? இல்லை. வகுப்பில் நன்றாகவே படிக்கிறான். எதிர்வீட்டுச் சீனச் சிறுவனிடம் சீனம் கற்கிறான். கீழ்வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் மலாயில் பத்து வரை எண்ணிக் காட்டுகிறான். தமிழில் ஊன்றிய பிள்ளை மற்ற மொழிகளையும் ஆசையோடு தொடுகிறது.

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். கட்டட வேலைக்குச் செல்லும் தோழனுக்கு அங்கே குடும்பத்தை அழைத்துக்கொள்ள வழி இல்லை. வேலை அனுமதிச் சீட்டு அவனுக்கு மட்டுமே. ஞாயிறு மாலை சிராங்கூன் சாலைப் பக்கம் புல்தரையில் அமர்ந்து, கைப்பேசியில் மகளைத் தமிழ்ப் பாடம் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறான் ஒருவன். பிழை வந்தால் திருத்துகிறான். அவன் தகப்பனாக இருப்பதே அந்த அரைமணி நேரத்தில்தான். அதற்கு அவனிடம் உள்ள கருவி தமிழ் ஒன்றுதான்!

கடல் கடந்த கதை போகட்டும். நம் ஊரில், நம் தெருவில், நம் வீட்டில் நிலைமை என்ன? மேடையில் தமிழை முழங்குகிறோம். வீட்டுக்கு வந்ததும் பிள்ளை 'மம்மி, டாடி' என்றால் பூரிக்கிறோம். பிறரை மட்டும் சொல்லவில்லை. நம் பேத்தி ஆங்கிலப் பாட்டை ஒப்பித்தபோது கை தட்டியவர்கள் நாம். அவளே தமிழ்ப் பாட்டைச் சொன்னபோது பத்திரிகையிலிருந்து தலை நிமிர்ந்தோமா? இல்லை! ஒன்பதாவது மாடி வீட்டில் பத்து வயதுச் சிறுவன்தான் அதை நமக்கு உணர்த்தினான்.

ஆங்கிலம் படிக்கட்டும், உலகில் எத்தனை மொழி உண்டோ அத்தனையும் படிக்கட்டும். அதற்குக் கட்டணம் கட்ட நாம் ஓவர்டைம் பார்ப்போம். ஆனால் தமிழுக்குக் கட்டணம் இல்லை, தோழர்களே! வேலை முடிந்து வந்து கை கால் கழுவியபின் பத்து நிமிடம், அவ்வளவுதான். பிள்ளையை அருகில் அழைத்து ஒரு கதை சொல்லுங்கள். ஊரில் கிழவி இருந்தால் அவளோடு பேச விடுங்கள். "என்னய்யா சாப்பிட்ட?" என்று அவள் கேட்கும்போது, இடையில் நின்று எவரும் மொழிபெயர்க்க வேண்டாம். பதிலைப் பேரனே சொல்லட்டும்!