மின்வாளினாற் குழாய் வெட்டுதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வெங்காயமும் மிளகாயும் பெரும்பாலும் கிணற்று நீரினாலேயே விளைகின்றன. துலா இருந்த இடத்தில் இன்று நீரிறைக்கும் இயந்திரமும் குழாயும் உள்ளன. பயிர் வாடும் வெயிற்காலத்திற் குழாய் வெடித்தாற் கமக்காரன் பொறுத்திரான். கிரைண்டர் எனப்படும் மின்வாளை இரவல் வாங்கித் தானே வெட்ட முற்படுவான். வெடித்த குழாயை ஒரு நாளில் மாற்றலாம். இழந்த கண்ணையோ விரலையோ மாற்ற இயலாது. ஆதலின் இக்கருவியின் இயல்பை அறிந்த பின்னரே அதனைக் கையாளுதல் வேண்டும்.

வாள் எகிறுவது ஏன்?

குழாயைத் தாங்கும் முறை பிழைத்தலே இதற்குப் பெருங் காரணமாகும். இரு முனைகளையும் கற்களின் மேல் வைத்து நடுவிலே வெட்டினால், வெட்டு ஆழமாகும்தோறும் குழாய் தன் பாரத்தினாற் கீழே தொய்யும். வெட்டுவாய் மேற்புறத்தில் நெருங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். அக்கணமே சக்கரம் உடையும். அல்லது கருவி வெட்டுபவனை நோக்கி எகிறும்.

ஆகவே குழாயை வைஸிலே இறுகப் பூட்டி, வைஸுக்கு அணித்தாக வெட்டுக. வெட்டுண்ணும் துண்டு கீழ்நோக்கித் தாழ விடப்பட்டால் வெட்டுவாய் விரியும், சக்கரம் சிக்காது. துண்டு நீளமானதாயின் அதன் தூர முனையைச் சிறிது தாழ்வாகத் தாங்குக. காலால் மிதித்தோ பிறரைப் பிடிக்கச் செய்தோ வெட்டுதல் ஆகாது.

சக்கரத்தின் வேகம்

ஒவ்வொரு சக்கரத்திலும் அதன் உச்ச வேகம் பொறிக்கப்பட்டிருக்கும். அது கருவியின் வேகத்திலும் குறைந்திருத்தல் கூடாது. 4 அங்குலக் கருவிகள் பல நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 முறை சுழல்வன. 7 அங்குலச் சக்கரமோ பொதுவாக 8,500 சுற்றுக்களையே தாங்க வல்லது. காப்புமூடியைக் கழற்றிவிட்டுச் சிறிய கருவியிற் பெரிய சக்கரத்தைப் பூட்டுவோர் உளர். அச்சக்கரம் சிதறினால் அதன் துண்டுகள் உடலைத் துளைக்கும். மரம் அறுக்கும் பல்வாளையும் இதிற் பூட்டலாகாது. வெடித்த, நனைந்த, காலாவதித் திகதி கடந்த சக்கரங்களை நீக்கிவிடுக.

கவனிக்க வேண்டியவை

1. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் முகத்துக்கு மறைப்பும் அணிக. சால்வை, தொங்கும் சாரம் ஆகியன ஆகா.

2. கிணற்றடியின் ஈரத்தில் நின்று வெட்டற்க. 30 மில்லியம்பியர் கசிவில் மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் உள்ள இணைப்பையே பயன்படுத்துக.

3. தீப்பொறிகள் பல யார் தூரம் பாயும். மண்ணெண்ணெய், பெற்றோல், வைக்கோல், ஓலைவேலி ஆகியவற்றுக்கு அருகில் வெட்டற்க.

4. கருவியை இரு கைகளாலும் பிடிக்க. சக்கரத்தின் நேரே நில்லாது ஒருபுறம் விலகி நிற்க. சக்கரத்தை அழுத்தவோ திருகவோ வேண்டாம்.

5. சக்கரம் முற்றாக நின்ற பின்னரே கருவியைக் கீழே வைக்க. பிளக்கைக் கழற்றிய பின்னரே சக்கரத்தை மாற்றுக.

6. வெட்டிய விளிம்பின் பிசிறை அரத்தினால் நீக்குக.

எல்லாக் குழாய்க்கும் மின்வாள் வேண்டுமா?

வேண்டியதில்லை. பி.வி.சி. குழாயை உராய்வுச் சக்கரம் உருக்கிவிடும். அதற்குக் கைவாளே சிறந்தது. அஸ்பெஸ்டஸ் சீமெந்துக் குழாயை மின்வாளினால் ஒருபோதும் வெட்டலாகாது. அதன் தூசி நுரையீரலிற் புற்றுநோயை விளைவிக்கும். நாகமுலாம் பூசிய இரும்புக் குழாய் ஒன்றிரண்டே வெட்ட வேண்டியிருப்பின், இரும்பு அறுக்கும் கைவாள் சில நிமிடங்களில் அவ்வேலையை முடிக்கும். அச்சில நிமிடத் தாமதத்தினாற் பயிர் கெடுவதில்லை.