ஏறுவதற்கு முன்பே தொடங்கும் சவாரி

ரோலர் கோஸ்டரின் ஓட்டம் இரண்டு, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் ஏறுவதற்கான வரிசையோ விடுமுறை நாட்களில் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். பகல் முழுக்கக் கேளிக்கைப் பூங்காவில் கழித்துவிட்டு வரும் குடும்பம் தண்டவாளத்தின் மேல் இருந்த நேரம் மிகக் கொஞ்சம். கம்பித் தடுப்புகளுக்கு நடுவே நின்ற நேரமே அதிகம். இதை உணர்ந்த வடிவமைப்பாளர்கள் வரிசையையும் சவாரியின் ஒரு பகுதியாகவே கட்டத் தொடங்கினார்கள். அங்கிருந்து பிறந்ததுதான் கதை சொல்லும் ரோலர் கோஸ்டர். ஒரு மலை, ஒரு கல்லறை, ஒரு சினிமா நகரம் என்று ஏதாவது ஒரு களத்தை எடுத்துக்கொண்டு, நுழைவாயில் முதல் இறங்கும் மேடை வரை எல்லாவற்றையும் அந்தக் களத்துக்குள்ளேயே வைத்துவிடுவது அதன் முறை.

நெமிலி, பனப்பாக்கம், அரக்கோணம் பக்கத்தில் ராட்டினம் என்றால் அது திருவிழாவோடும் பொருட்காட்சியோடும் வருவது. அங்கே வரிசை என்று ஒன்று இருப்பதில்லை. டிக்கெட் கிழிப்பவரைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும். ஆனால் ராட்சத ராட்டினத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு பெட்டி நிறைந்ததும் சக்கரம் சற்றே நகர்ந்து, அடுத்த பெட்டி தரைக்கு வரும். முதலில் ஏறியவர்கள் கடைசிப் பெட்டி நிறையும்வரை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். கோபுரமும் ஏரியும் பஸ் ஸ்டாண்டும் கீழே சிறுத்துத் தெரிய, பெட்டி மெல்ல ஆட, பிள்ளைகள் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி அம்மாவைக் கூப்பிடுவார்கள். சக்கரம் இன்னும் சுற்றவே தொடங்கியிருக்காது. ஆனால் சவாரி தொடங்கிவிட்டது. பெரிய பூங்காக்கள் பல கோடி செலவழித்துச் செய்ய நினைப்பதும் இதைத்தான்.

இன்று இந்தப் பகுதியினர் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் போய் ஏறக்கூடிய பெரிய ரோலர் கோஸ்டர் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் இருக்கிறது. 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்காவின் ‘தஞ்சோரா’ அது. பெயரிலேயே தஞ்சாவூரின் சாயல் இருக்கிறது. வழக்கமாகத் தண்டவாளத்தின் மேலே ஓடும் வண்டி, இதில் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு ஓடும். பயணிகளின் கால்கள் காற்றில் ஆடும். சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்டு மபியார் நிறுவனம் செய்த வண்டி. மும்பை–புனே சாலையில் கோபோலி அருகே உள்ள இமாஜிகா பூங்காவின் ‘நைட்ரோ’வும் இதே நிறுவனத்தின் படைப்புதான்.

இந்தத் தொங்கும் வகையை அந்த நிறுவனம் முதன்முதலில் 1992-ல் சிகாகோவுக்கு அருகே உள்ள ஒரு பூங்காவில் அமைத்தது. பேட்மேன் படத்தைக் களமாகக் கொண்ட அந்த ரோலர் கோஸ்டரின் வரிசை, படத்தில் வரும் காத்தம் நகரத்தின் அழகான பூங்காவில் தொடங்கும். நடக்க நடக்க நகரம் சீரழிந்துகொண்டே வரும். பச்சை மறைந்து தொழிற்சாலைச் சுவர்கள் வரும். பிறகு பெரிய கழிவுநீர்க் குழாய்க்குள் நுழைய வேண்டும். வெளிச்சம் குறையும். குழாயின் மறுமுனைதான் பேட்மேனின் குகை, அதாவது ஏறும் மேடை. ஒரு வார்த்தை வசனம் இல்லை. அரை மணி நேர நடையிலேயே ஒரு நகரத்தின் கதை காலுக்கு அடியில் விளங்கிவிடும்.

இந்தக் கதைக்களமெல்லாம் பிறகு வந்தது; ரோலர் கோஸ்டரே ரயிலின் பிள்ளை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மலையிலிருந்து நிலக்கரியைத் தன் எடையாலேயே உருண்டு இறங்கவிட 1827-ல் ஒரு தண்டவாளம் போட்டார்கள். பிற்காலத்தில் அதில் ஆட்கள் ஆசைக்காகக் காசு கொடுத்து ஏறினார்கள். 1884-ல் லாமார்கஸ் தாம்சன் என்பவர் நியூயார்க்கின் கோனி தீவில் கேளிக்கைக்கென்றே ஒரு தண்டவாளம் அமைத்தார். வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். கட்டணம் 5 சென்ட். அதற்கே கூட்டம் அலைமோதியது. 1959-ல் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் ஆல்ப்ஸ் சிகரத்தின் வடிவில் கட்டப்பட்ட ‘மேட்டர்ஹார்ன்’, எஃகுக் குழாயால் ஆன தண்டவாளத்தைக் கொண்டுவந்தது. மரச்சட்டங்களில் முடியாத வளைவுகளெல்லாம் அதன் பிறகு கைகூடின. மலைக்குள் தண்டவாளத்தை ஒளித்து வைத்ததால், ரோலர் கோஸ்டருக்கு ஓர் உலகமும் கிடைத்தது.

வரிசை ஏன் உண்டாகிறது என்பதை அரக்கோணத்துக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், அவுட்டரில் ரயில் நின்றுபோவதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். முன்னால் போன ரயில் தன் பகுதியைவிட்டு விலகும்வரை பின்னால் வரும் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது. ரோலர் கோஸ்டரிலும் அதே ஏற்பாடுதான். தண்டவாளத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டிக்கு மேல் புகாதபடி பிரேக்குகளும் உணரிகளும் காவல் காக்கின்றன. எனவே எத்தனை வண்டிகள் இருந்தாலும், மேடையில் நிற்கும் வண்டி கிளம்பினால்தான் அடுத்தது உள்ளே வரும்.

கணக்கு எளிது. ஒரு வண்டியில் 32 பேர். 2 நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்புகிறது என்றால் மணிக்கு 960 பேர் ஏறலாம். முன்னால் 480 பேர் நின்றால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வண்டி கிளம்ப 2 நிமிடத்துக்குப் பதில் 3 நிமிடம் ஆனால் அதே வரிசைக்கு முக்கால் மணி நேரம் ஆகிவிடும். பெல்ட் மாட்டத் தெரியாமல் திணறும் ஒருவர், பாக்கெட்டிலிருந்த செல்போனை எங்கே வைப்பது என்று தேடும் இன்னொருவர், இவர்களால்தான் அந்த ஒரு நிமிடம் கூடும். ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு இது பழகிய சங்கதி. ஸ்டிச்சிங் லைனில் எந்த மெஷின் மெதுவாக ஓடுகிறதோ அதன் முன்னால்தான் ஷூவின் மேல்பகுதியான அப்பர் குவியும். மற்றவர்கள் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் அன்றைய உற்பத்தியை அந்த ஒரு மெஷின்தான் முடிவு செய்யும். ரோலர் கோஸ்டரில் அந்த மெஷின் ஏறும் மேடை.

பெங்களூரு வொண்டர்லாவில் உள்ள ‘ரீகாயில்’ போன்றவற்றில் சிக்கல் இன்னும் கூடுதல். அது முன்னால் ஓடி, அதே தண்டவாளத்தில் பின்னோக்கித் திரும்பி வரும் வகை. ஒரே ஒரு வண்டிதான் ஓட முடியும். அது திரும்பி, ஆட்கள் இறங்கி, அடுத்தவர்கள் ஏறும்வரை தண்டவாளம் சும்மா கிடக்கும்.

காத்திருக்கும் நேரத்தைக் கடிகாரம் ஒரு மாதிரியும் மனது வேறு மாதிரியும் அளக்கிறது. டேவிட் மைஸ்டர் என்ற ஆய்வாளர் 1985-ல் எழுதிய, இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை இதைத் தெளிவாகச் சொன்னது: வேலையில்லாமல் நிற்கும் நேரம் நீளமாகத் தோன்றும், எவ்வளவு நேரம் என்று தெரியாதபோதும், ஏன் தாமதம் என்று யாரும் சொல்லாதபோதும் இன்னும் நீளும், பின்னால் வந்தவர் முன்னால் போவதைப் பார்த்தால் பொறுக்கவே முடியாது. கதை சொல்லும் வரிசை இவற்றில் முதல் குறையைத் தீர்க்கிறது. மற்றவற்றை அது தீர்க்காது என்பதைப் பல பூங்காக்கள் மறந்துவிடுகின்றன. நுழைவாயிலில் ‘இங்கிருந்து 40 நிமிடம்’ என்று எழுதிய ஒரு பலகை, பல லட்ச ரூபாய்ச் சிற்பத்தைவிட அதிக ஆறுதல் தரும். டிஸ்னி பூங்காக்களில் அந்த நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய வழி உண்டு: வரிசையில் நுழையும் ஒருவரிடம் சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள், அவர் ஏறும் மேடைக்கு வந்ததும் அதை அங்குள்ள ஊழியரிடம் கொடுக்க வேண்டும். அட்டை நடந்த நேரமே பலகையில் ஏறும்.

கதை சொல்லும் வரிசைகளில் தலைசிறந்தது புளோரிடாவில் 2006-ல் திறந்த ‘எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்’ என்று சொல்லலாம். பயணிகள் முதலில் ஒரு கற்பனை இமயமலைக் கிராமத்துக்குள் நுழைகிறார்கள். மலையேற்றத்துக்குச் சீட்டுக் கொடுக்கும் டிராவல்ஸ் அலுவலகம், சிறிய கோயில், பொருட்கள் அடுக்கிய கடை எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. கடைசியில் எட்டி என்னும் பனிமனிதனைப் பற்றிய அருங்காட்சியகம். கால்தடங்களும் கிழிந்த கூடாரமும் அங்கே ஆதாரமாக வைக்கப்பட்டிருக்கின்றன. சீட்டுக் கொடுத்தவர்கள் மலைக்குப் போகச் சொல்ல, அருங்காட்சியகம் போகாதே என்று எச்சரிக்கும். இரண்டுக்கும் நடுவே தவித்தபடி மேடைக்கு வருபவர், முன்னே பிய்த்தெறியப்பட்ட தண்டவாளத்தைக் கண்டு வண்டி நின்று இருட்டில் பின்னோக்கி ஓடும்போது, காரணத்தை யாரிடமும் கேட்க மாட்டார். வரிசையிலேயே அவர் கதையைப் படித்து முடித்துவிட்டார்.

தமிழர்கள் அதிகம் போய்வரும் சிங்கப்பூரில், செந்தோசா தீவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் உள்ள ‘ரிவெஞ்ச் ஆஃப் த மம்மி’யும் இதே வழியில் கட்டியதுதான். எகிப்தியக் கல்லறையின் இருண்ட நடைபாதைகளில் வரிசை வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் அடுத்த பகுதி மட்டும் தெரியும்படி வைத்திருப்பது தற்செயல் அல்ல; முழு நீளத்தையும் ஒரே பார்வையில் காட்டினால் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். வரிசையில் தனியாகப் போகிறவருக்கு அங்கே தனி வழி உண்டு. மூன்று பேர் வந்தால் நான்காவது இருக்கை காலியாகப் போகும். அதில் ஒற்றை ஆளை உட்காரவைத்தால் வண்டி நிறையும், அவருக்கும் சீக்கிரம் இடம் கிடைக்கும். ஆனால் 2019-ல் புளோரிடாவில் ஹாரி பாட்டர் கதையின் ‘ஹாக்ரிட்’ ரோலர் கோஸ்டர் திறந்த முதல் நாளில் வரிசை 10 மணி நேரம் வரை நீண்டது. அத்தனை நேரத்துக்கு எந்த அலங்காரமும் ஈடு கொடுக்க முடியாது.

கூட்டத்தைக் காக்கவைக்கும் கலையை இந்தியாவில் கோயில்களிடம்தான் கற்க வேண்டும். திருமலையின் வைகுண்டம் வளாகத்தில் பக்தர்கள் அறை அறையாக உட்காரவைக்கப்படுகிறார்கள். நிற்க வேண்டியதில்லை, உள்ளேயே உணவும் பாலும் கிடைக்கும். குறித்த நேரத்துக்கு வரச்சொல்லும் டோக்கனும் உண்டு. டிஸ்னி 1999-ல் தொடங்கிய ஃபாஸ்ட்பாஸின் அடிப்படையும் அதுவே: சீட்டை வாங்கிக்கொண்டு வேறு வேலையைப் பார்த்துவிட்டு, சொன்ன நேரத்துக்கு வந்தால் போதும். அது இலவசமாக இருந்தது. இன்று அதே வசதியைப் பெரும்பாலான பூங்காக்கள் கூடுதல் காசுக்கு விற்கின்றன. நம் ஊர்ப் பூங்காக்களிலும் வந்துவிட்டது. காசு கொடுத்தவர் வரிசையைத் தாண்டிப் போவதைக் கால் வலிக்க நிற்கும் குழந்தை பார்க்கும்போது, கட்டிவைத்த கதை முழுதும் அந்த நொடியில் கலைந்துவிடும். இரண்டு வழிகளும் மேடைக்கு அருகில் மட்டும் சேரும்படி அமைப்பது வடிவமைப்பாளர் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

இங்குள்ள வெயிலில் வரிசைக்கு முதல் தேவை நிழல். கூரையும் மின்விசிறியும் குடிதண்ணீரும் இல்லாத இடத்தில் எந்தக் கற்பனை உலகமும் நிற்காது. அடுத்தது உயர அளவுகோல். பெரிய ரோலர் கோஸ்டர்களில் 130, 140 செ.மீ. உயரமாவது கேட்பார்கள், தோளைப் பிடிக்கும் இரும்புக் கவசம் சிறு உடலைச் சரியாகப் பிடிக்காது என்பதால். அளவுகோல் வரிசையின் தொடக்கத்தில் இருக்க வேண்டும். குதிகாலைத் தூக்கி, முடியைச் சீவி உயர்த்தி அந்தக் கோட்டைத் தொடப் பார்க்கும் பிள்ளையை அங்கேயே திருப்பி அனுப்புவது எளிது. ஒரு மணி நேரம் நின்ற பிறகு மேடையில் திருப்புவது கொடுமை.

மேடையில் ஒவ்வொரு இருக்கை வரிசைக்கும் ஒரு சிறு கதவு இருக்கும். முதல் இருக்கைக்கு ஆசைப்படுபவர்கள் தங்களுக்குள் இன்னொரு வரிசை கட்டி, இரண்டு மூன்று வண்டிகளை விட்டுக்கொடுப்பார்கள். ஊழியர்கள் கவசங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்துவார்கள். மூடும் நேரம் வந்ததும் வரிசையின் வாலில் ஓர் ஊழியர் வந்து கயிறு கட்டிவிடுவார்; பல பூங்காக்களில், கயிற்றுக்கு முன்னால் நிற்பவர் அனைவரும் ஏறி இறங்கிய பிறகுதான் கடைசி வண்டி நிற்கும்.