க்ஷயரோகியின் கூலி

க்ஷயரோகம் தீராத வியாதியன்று. ஆறு மாதம் தவறாது மருந்துண்டால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். தக்க சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே பிறரைத் தொற்றும் அபாயமும் மிகக் குறைகிறது. ஆயினும் இருமுகின்ற தொழிலாளியைக் கண்டதும் முதலாளி வேறு ஆள் தேடுகிறார்!

1948-ஆம் வருஷத்து ஈட்டுறுதிச் சட்டத்தால் பிறந்த திட்டம், அதில் சேர்ந்த ஆலைத் தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் வருஷத்துக்கு 91 நாள்வரை கூலியில் 70 சதவிகிதம் அளிக்கிறது. க்ஷயத்துக்கு அதன் மேலும் உண்டு. நன்று. அன்றாடக் கூலிக்காரன் யாரிடம் போவான்? சர்க்கார் மருந்தை இலவசமாகத் தருகின்றனர். போஷாக்குக்கென மாதம் 500 ரூபாயாக இருந்த உதவியை 2024 நவம்பரில் 1,000 ஆக்கினர். அதில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியுமா? உடல் சற்றுத் தேறியதும் அவன் மருந்தை விட்டு வேலைக்கு ஓடுகிறான். நோய் முன்னிலும் உக்கிரமாகத் திரும்புகிறது.

ஸ்திரீகளின் நிலை இன்னும் பரிதாபம். திருநெல்வேலிச் சீமையில் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்ணுக்குச் சுற்றிய எண்ணிக்கைக்கே கூலி. படுத்தால் கூலி நிற்கும். அடுப்படி வேலை மட்டும் நிற்பதில்லை. நோயை வெளியிட்டால் வாழ்வே போய்விடுமென்று மறைப்போரும் உளர். (தேச சேவை பேசும் கணவன்மார் இதைக் கவனிப்பார்களாக.) பீடித் தொழிலாளர் நலத்துக்கென வசூலான தீர்வையும் 2017-இல் ஒழிந்தது.

சிகிச்சை முடியும்வரை வேலைக்குக் காப்பும், இழந்த கூலியில் பாதியேனும் ஈடும் சட்டத்தாலேயே கிடைக்கவேண்டுமென நாம் கேட்கிறோம். வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரை அச்சட்டம் விட்டுவிடலாகாது.