சுவையில் தெரியும் நிலம்

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அங்ஙனமிருக்க, ஒயினின் சுவையை நாம் ஆராய்வது தகுமோ என வாசகர் சிலர் வினவக்கூடும். ஒயினைச் சுவைத்துத் தரம் காண்பதைத் தொழிலாகக் கொண்டோர் அதனை விழுங்குவதில்லை. தேயிலைச் சுவைஞரைப் போலச் சிறிதளவு வாயில் கொண்டு, நாவெங்கும் பரப்பி, உமிழ்ந்துவிடுகின்றனர். ஒரு பயிர் தான் வளர்ந்த மண்ணையும் வானத்தையும் எவ்வாறு தன்னுள் பதித்துக் கொள்கிறது என்று அறிவதே அவர்தம் நோக்கம். நாமும் அந்நோக்குடனேயே இதனை அணுகுவோம்.

பிரெஞ்சு மொழியில் 'தெர்வார்' என்றொரு சொல் உண்டு. மண், சரிவு, வெயில், மழை, காற்று ஆகிய யாவும் கூடி ஓரிடத்து விளைபொருளுக்குத் தரும் தனித்தன்மையை அது குறிக்கும். ஆங்கிலத்தில் இதற்கு நேரான சொல் இல்லாமையால் பிரெஞ்சுச் சொல்லையே ஆள்கின்றனர். தமிழாசிரியர்க்கோ இக்கருத்து புதியதன்று. நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார் தொல்காப்பியர்.

வெள்ளை ஒயின் செய்வோர் பெரும்பாலும் திராட்சையைப் பிழிந்தவுடன் தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்க வைக்கின்றனர். எனவே தோலின் துவர்ப்பு மிகாமல், புளிப்பும் மணமும் தெளிவாகத் தெரியும். அவ்வகைத் திராட்சைகளுள் ஷார்டொனே புகழ் வாய்ந்தது. பீனோ, கூவே பிளான் என்னும் இரு வகைகளின் கலப்பில் பிறந்தது அது என்பதை 1999-இல் மரபணு ஆய்வு காட்டியது. தனக்கென ஓங்கிய மணம் இல்லாத திராட்சை அது; ஆகவே இடத்தின் இயல்பை எளிதில் வெளிக்காட்டும்.

மூன்று கிண்ணங்களில் ஷார்டொனே ஒயின் இருப்பதாகக் கொள்வோம். வெப்பம் 10 முதல் 12 பாகை செல்சியஸ் வரை இருத்தல் நலம்; மிகக் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். முதலில் நிறத்தை நோக்குக, பின்னர் முகர்க, அதன்பின் சுவைக்க.

முதற்கிண்ணம் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் வடகோடியிலுள்ள ஷாப்லியினது. எலுமிச்சை, பச்சை ஆப்பிள் ஆகியவற்றின் மணம் எழும். விழுங்காமலே வாய் ஊறும். இரண்டாவது, அங்கிருந்து தென்கிழக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவிலுள்ள மெர்சோவினது. புளிப்பு தணிந்து, நாவில் கனம் கூடி, வெண்ணெயும் கொட்டைப் பருப்பும் போன்ற மணம் தோன்றும். மூன்றாவது கலிபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கினது. பழுத்த பீச்சும் அன்னாசியும் நினைவுக்கு வரும். சாராயச் சூடும் மிகுதி.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்ன? திராட்சை பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும். மாலிக் அமிலம் குறையும். வெப்பம் மிகுந்தால் அவ்வமிலம் விரைந்து அழியும். குளிர்நாட்டில் புளிப்பு எஞ்சுகிறது. வெயில்நாட்டில் சர்க்கரை மிகுந்து, அதுவே சாராயமாகிறது. நாப்பாவின் தென்பகுதியில் கடலிலிருந்து வரும் மூடுபனி இரவைக் குளிர்விப்பதால் அங்கே புளிப்பு ஓரளவு காக்கப்படுகிறது.

ஆயினும் யாவும் நிலத்தின் செயல் எனக் கருதுவது பிழை. மெர்சோவின் வெண்ணெய் மணம் நுண்ணுயிர்களாலும், ஓக் மரப் பீப்பாயில் வைத்து வளர்க்கும் முறையாலும் வருவது. ஷாப்லியினர் பெரும்பாலும் எஃகுத் தொட்டியையே பயன்படுத்துகின்றனர். நிலம் தந்தது எது, மனிதன் கை தந்தது எது எனப் பிரித்தறிவதே சுவைஞரின் முதற்பாடம்.

இன்னொரு மயக்கமும் உண்டு. ஷாப்லியின் மண்ணில் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட சிறு சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடக்கின்றன. அச்சிப்பியின் சுவையே ஒயினில் வருகிறது எனப் பலர் கூறுவர். பாறையின் சுவை வேர்வழி ஏறி வருவதில்லை என்பதை அலெக்ஸ் மால்ட்மன் போன்ற நிலவியலார் விளக்கியுள்ளனர். நீரைத் தேக்குவதும் வடிப்பதும் மண்ணின் பெரும்பணி. தென்மேற்கு நோக்கிய சரிவு வெயிலைப் பெற்றுத் தருகிறது. மண் சுவையை வளர்க்கும் வழி இதுவே.

பெயரின் மயக்கமோ இவற்றினும் பெரிது. 1976 மே 24 அன்று பாரிஸில் பிரெஞ்சு நடுவர் ஒன்பதின்மர், பெயர்ச்சீட்டை மறைத்து வைத்த ஒயின்களைச் சுவைத்து மதிப்பெண் இட்டனர். வெள்ளை ஒயினில் முதலிடம் பெற்றது கலிபோர்னியாவின் ஷாட்டோ மான்டெலீனா. மெர்சோ ஒன்று இரண்டாமிடம் பெற்றது. கலிபோர்னிய ஒயினைப் பிரெஞ்சு ஒயின் என மயங்கியோரும் அந்நடுவருள் இருந்தனர். நாவை நம்ப வேண்டுமாயின் முதலில் பெயரை மறைக்க வேண்டும் என்பதை அந்நாள் உணர்த்தியது.

இன்று இதனினும் பெரிய கேள்வி எழுந்துள்ளது. பர்கண்டியின் போன் நகரில் திராட்சை அறுவடை தொடங்கிய நாட்களை 1354 முதல் 2018 வரை தொகுத்து, 2019-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். 1987 வரை சராசரியாக செப்டம்பர் 28-இல் தொடங்கிய அறுவடை, அதன்பின் 13 நாள் முந்திவிட்டது. கொடி முன்னதாகத் துளிர்ப்பதால் வசந்தகால உறைபனிக்கு இளந்தளிர் இரையாகும் இடரும் உண்டு. 2021 ஏப்ரலில் ஷாப்லி அவ்வாறு பெரிதும் அல்லலுற்றது. கொடிகளுக்கிடையே தீ மூட்டி இரவெல்லாம் காத்தும் பலர் விளைச்சலை இழந்தனர்.

சிப்பி படிந்த மண் அங்கேயே உள்ளது, சரிவும் மாறவில்லை. மாறியது பொழுது. வெப்பம் மேலும் ஏறுமாயின், வாயூறச் செய்யும் அப்புளிப்பு குறையும்; ஷாப்லி என்னும் பெயர் நிலைத்தாலும் அதன் சுவை வேறாகும். நிலத்தைத் தனியே கூறாது பொழுதையும் உடன் வைத்த நம் முன்னோரின் நுண்மாண் நுழைபுலம் எத்துணைச் சிறந்தது என்பதை மாணவர்க்கு உணர்த்த, இதுவும் ஓர் எடுத்துக்காட்டாகும்.