12 நிமிடக் கடன்

மும்பை மாரத்தானின் 42.195 கிலோமீட்டரை 4 மணி நேரத்துக்குள் ஓடி முடிப்பதே நண்பர்களாகிய எங்கள் இருவரின் இலக்கு. சென்ற ஆண்டு முதற்பாதியை 1 மணி 55 நிமிடத்தில் கடந்து பெருமிதம் கொண்டோம். அவ்வாறு மிச்சம் பிடித்த 5 நிமிடங்களைத் திரும்பும் வழியில் பெடர் ரோடு ஏற்றம் வட்டியும் முதலுமாக வாங்கிக்கொண்டது. கால் தசைகள் பிடித்துக்கொள்ள, நடந்தே ஏறினோம். முடித்தபோது 4 மணி 12 நிமிடம்.

கிலோமீட்டருக்கு 17 விநாடி குறைத்தாக வேண்டும். அதற்காக, ஞாயிறுதோறும் விடியலில் மரைன் டிரைவில், பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் தொலைவைக் கூட்டினோம். (வீட்டார் இதனை அரட்டை என்றே அழைத்தனர்.)

இவ்வாண்டு முதற்பாதிக்குச் சரியாக 2 மணி எடுத்துக்கொண்டோம். அதே ஏற்றத்தில் ஓரிடத்திலும் நடக்கவில்லை. முடிவுக்கோட்டில் கடிகாரம் 4 மணி 1 நிமிடம் 20 விநாடி காட்டியது. இனிக் குறைக்கவேண்டியது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 விநாடி.