மகரக்கட்டு: வளரும் பிள்ளைகளின் குரல் மாற்றம்



சென்ற ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் நம் தேவாரக் குழுவிலிருந்து தானே விலகிக்கொண்டான். அவனுடைய தந்தையார் பால்வெட்டு முடிந்த கையோடு பள்ளிக்கு வந்து, "ஐயா, பையன் தொண்டையில் ஏதோ கோளாறு. இஞ்சிச் சாறு கொடுத்தும் குரல் தேறவில்லை" என்று வருந்தினார். அவருக்கு அளித்த விளக்கத்தையே ஈண்டு எழுதுகிறேன்.

நம் கழுத்தின் முன்புறத்தில் குரல்வளை உள்ளது. அதனுள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து எழும் காற்று அவற்றை அதிரச் செய்வதால் குரல் பிறக்கிறது. வீணையில் மெல்லிய தந்தி மேல் சுரத்தையும் தடித்த தந்தி கீழ்ச் சுரத்தையும் தருவதைப் போன்றதே இதுவும். சிறுவர் பேசும்பொழுது அந்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 250 முறை அதிர்கின்றன. வளர்ந்த பெண்களுக்கு இது 200 அளவிலும், ஆண்களுக்கு 100 முதல் 130 வரையிலும் அமையும்.

பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் ஆண்பிள்ளைகளின் குரல்வளை விரைந்து வளர்கிறது. நாண்கள் நீண்டு தடிக்கின்றன. கழுத்தில் சிறு மேடு புலப்படுகிறது. குரல் ஏறத்தாழ ஒரு தாயி, அதாவது மேல் ச-விலிருந்து கீழ் ச வரையிலான அளவு, இறங்குகிறது. புதிய நாண்களை ஆளத் தசைகள் பழகும்வரை குரல் திடீரென உடையும். இதனையே நம் முன்னோர் 'மகரக்கட்டு' என்றனர்.

மாற்றத்துக்குமுன் ஒரு சிறுவன் ஏறத்தாழ ஒன்றரைத் தாயி அளவு பாடுவான். மாற்றத்தின் நடுவிலோ ஒரு தாயியைத் தாண்டுவதும் சிலருக்கு அரிதாகும். ஐந்து, ஐந்தரைக் கட்டையில் தேவாரம் பாடியவனுக்கு அச்சுருதி எட்டாது. ஆனால் ஒன்று, இரண்டு கட்டைச் சுருதி பொருந்தத் தொடங்கும். குரல் நன்கு நிலைபெற மேலும் சில ஆண்டுகள் செல்லும்.

பெண்பிள்ளைகளுக்கும் மாற்றம் உண்டு. ஆயினும் குரல் ஓரிரு சுரங்களே இறங்கும். சில காலம் குரலில் காற்று கலந்து ஒலிக்கும். அதுவும் குறையன்று.

முற்காலத்தில் தமிழகத்துப் பாலர் நாடகக் கம்பெனிகளில் பாடி நடித்த சிறுவர்கள், மகரக்கட்டு வந்தவுடன் தம் வேடங்களை இழந்தனர். அத்தகைய துன்பம் இன்று நம் பிள்ளைகளுக்கு வேண்டுவதில்லை.

அத்துன்பத்தை அறிந்தவன் யான். 13ஆம் வயதில், தோட்டக் கோயில் திருவிழாவில் பாடுகையில் மேல் சுரத்தில் என் குரல் உடைந்தது. கூட்டம் சிரித்தது. அன்றோடு பாடுவதை விட்டேன். பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இசை கற்பித்த விரிவுரையாளர் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தி, "இதில் பாடுங்கள்" என்றார். பாடினேன், குரல் வந்தது. அது தொலைந்து போகவில்லை, இடம் மாறியிருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இடையில் கழிந்த ஆண்டுகள் மட்டும் திரும்பவில்லை.

ஆகவே, மாணவர்களே! குரல் மாறும் காலத்தில் எட்டாத சுரத்துக்குக் கத்தாதீர்கள். எளிதாக வரும் சுரங்களில் மெதுவாகப் பாடுங்கள். நீர் நிறையப் பருகுங்கள். உடன் பயிலும் நண்பனின் குரல் உடைந்தால் நகையாதீர்கள். பெற்றோர்களே! இதற்கு மருந்து தேவையில்லை, பொறுமையே போதும். எனினும் குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, வலி இருந்தாலோ மருத்துவரை நாடுங்கள்.

விலகிய மாணவன் இரண்டு வாரங்களில் குழுவுக்குத் திரும்பினான். கடைசி வரிசையில் நின்று, இரண்டு கட்டைச் சுருதியில் தன் பகுதியைத் தனியே பாடினான். அன்று எவரும் சிரிக்கவில்லை.